உங்களுக்குத் தெரியுமா? குட்டிக் காருக்கு டர்போவும் நைட்ரஸும்

● ஒரு லிட்டர் பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். பெட்ரோலைக் கூடுதலாக விடுவது சுலபம். அதற்கு ஈடான காற்றைச் சிலிண்டருக்குள் திணிப்பதுதான் பெரும்பாடு. சின்ன எஞ்சினில் பெரிய பிக்கப் எடுக்க நடக்கிற கூத்தெல்லாம் இந்தக் காற்றுக்காகத்தான்.

● சைலன்சர் வழியே வீணாகப் போகிற புகைதான் டர்போவின் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. 1905லேயே சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூஹி இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று போனாலே அலறும். சின்னக் காரின் டர்போ 2 லட்சம் சுற்றைத் தொடும்!

● டர்போவோடு முதன்முதலில் ஷோரூமுக்கு வந்த கார்கள் இரண்டு. இரண்டும் 1962ல் அமெரிக்காவில் வந்தவை, அந்த ஊர்க் கணக்கில் 'காம்பாக்ட்' ரகம். ஒன்று செவ்ரலே கார்வேர். இன்னொன்று ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர். இதன் கதைதான் வேடிக்கை. காற்றை அழுத்தினால் சூடாகும் (சைக்கிளுக்குப் பம்ப் அடித்தவர்களுக்குத் தெரியும்). அந்தச் சூட்டில் பெட்ரோல் முன்கூட்டியே வெடித்து எஞ்சின் 'நாக்' அடிக்கும். அதைத் தணிக்க, வடிநீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை உள்ளே பீய்ச்சினார்கள். அதற்கு வைத்த பெயர் 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்'. பெயரில் இருந்த மிடுக்கு வாங்கியவர்களின் ஞாபகத்தில் இல்லை. தொட்டி காலியாகிவிட்டதென்று டாஷ்போர்டில் விளக்கு எரியும், யாரும் கண்டுகொள்ளவில்லை. திரவம் இல்லாவிட்டால் டர்போ தரும் அழுத்தத்தை வண்டியே மட்டுப்படுத்திவிடும். உடனே, "பவர் இல்லை" என்று புகார். கடைசியில் கம்பெனியே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தது. இரண்டே வருடத்தில் கதை முடிந்தது.

● பிக்கப்புக்காகப் பந்தயக்காரர்கள் எஞ்சினுக்குள் விடுகிற நைட்ரஸும் (நைட்ரஸ் ஆக்சைடு) பல் டாக்டரின் சிரிப்பு வாயுவும் ஒன்றேதான். 1799ல் ஹம்ஃப்ரி டேவி இதைத் தானே முகர்ந்து பார்த்துச் சிரித்தார். காருக்கு விற்கும் நைட்ரஸில், யாரும் முகர்ந்து பார்த்துவிடக் கூடாதென்றே கந்தக டை ஆக்சைடைக் கொஞ்சம் கலந்துவிடுவார்கள்.

● நைட்ரஸ் எரிபொருள் அல்ல. அது எரியவே எரியாது. சுமார் 300 டிகிரி சூட்டில் பிரிந்து ஆக்சிஜனைக் கொடுக்கும், அவ்வளவுதான். எடைக் கணக்கில் காற்றில் ஆக்சிஜன் 23 சதவீதம், நைட்ரஸில் 36. உயரத்தில் காற்று மெலிந்து எஞ்சின் திணறியபோது, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்கள் இதைத்தான் பயன்படுத்தின.

● 2001ல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்' படத்துக்குப் பிறகு, ஹோண்டா சிவிக் வைத்திருந்த பையன்கள் எல்லோருக்கும் டிக்கியில் ஒரு நைட்ரஸ் சிலிண்டர் வைக்க ஆசை. படத்தில் பட்டனைத் தட்டினால் ரோடே மங்கலாகும். நிஜத்தில், 100 குதிரைசக்தி கூட்டும் அளவில் திறந்தால் நாலரை கிலோ சிலிண்டர் இரண்டு நிமிடம் தாங்குவதே பெரிது. பானெட் பக்கம் 'புஸ்' என்று வெள்ளைப் புகை கிளம்புமே, அது பந்தாவுக்கு மட்டும் அல்ல. குழாயில் தேங்கிய காற்றை வெளியேற்றி, திரவம் முனைவரை வரச் செய்கிற வேலை அது.

● டர்போ சுற்றெடுக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். நைட்ரஸுக்கு அந்தத் தாமதம் இல்லை. அதனால் இரண்டையும் சேர்த்து மாட்டுபவர்கள் உண்டு. கிளம்பும்போது நைட்ரஸ், பிறகு டர்போ. ஆனால் ஆக்சிஜன் கூடிய அளவுக்குப் பெட்ரோல் கூடவில்லை என்றால், பிஸ்டன் தலையில் ஓட்டை விழ ஒரு சில விநாடி போதும்.

● நைட்ரஸ் 36.4 டிகிரிக்கு மேல் திரவமாக இருக்காது. சிலிண்டருக்குள் அழுத்தம் எகிறும். அழுத்தம் குறைந்துவிடாமல் இருக்க, குளிர் ஊர்க்காரர்கள் சிலிண்டருக்கு ஹீட்டர் சுற்றுகிறார்கள். மே மாதச் சென்னையில், வெயிலில் நிற்கும் காரின் டிக்கியே போதும்.

● நம் நாட்டில் அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்தால், 2019 சட்டத் திருத்தப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சும்மா மாட்டிப் பார்க்கிற விஷயமில்லை.

● "நமக்கும் டர்போவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். இன்றைய டீசல் கார்களில் கம்பெனியே மாட்டித் தருகிறது. பைபாஸில் விரட்டி வந்து நிறுத்தியதும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். கொதிக்கிற டர்போவுக்குள் ஆயில் ஓட்டம் நின்றால், அங்கேயே கருகிப் படியும். ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டுவிட்டு அணையுங்கள்.