ரேடார் பொய் சொல்லுமா?

செல்போனில் சலான் வந்து விழுந்ததும் மதுரைக்காரர் முதலில் கேட்பது, "நான் அம்புட்டு வேகமாவா போனேன்?" என்பதுதான். அடுத்தது, "மிஷினு தப்பாக் காட்டிருக்கும்." பக்கத்தில் டீ குடிப்பவர்களும் ஆமோதிப்பார்கள். வேகத்தை அளக்கும் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், இந்தக் கோபம் போக வேண்டிய முகவரி வேறு என்று புரியும்.

ரேடார் கருவி வண்டியின் மீது நுண்ணலைகளை வீசுகிறது. எதிரே ஓடிவரும் வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றுக் கூடியிருக்கும். ஆஸ்திரிய இயற்பியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842-ல் விளக்கிய விளைவு இது. ஹாரன் அடித்தபடி நெருங்கும் ரயிலின் ஓசை கூர்மையாகவும், தாண்டியதும் கனத்தும் கேட்பது இதனால்தான்.

பல வேகக் கருவிகள் பயன்படுத்தும் அலையின் அதிர்வெண் ஏறத்தாழ 2,415 கோடி ஹெர்ட்ஸ். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நேரே வரும் கார் அதில் ஏற்படுத்தும் மாற்றம் சுமார் 2,680 ஹெர்ட்ஸ் மட்டுமே. கோடிகளுக்கு நடுவே இந்தச் சில ஆயிரத்தை எப்படிப் பிடிப்பது? அனுப்பிய அலையையும் திரும்பிய அலையையும் கருவிக்குள் கலக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தனி அதிர்வாகப் பிரிந்து வருகிறது. அதை எண்ணுவது மின்னணுச் சுற்றுக்கு எளிய வேலை.

பிழை வராதா? வரும். ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் சுவாரசியம். சாலையோரக் கம்பத்தில் இருக்கும் ரேடார் வண்டியைக் கொஞ்சம் சாய்வாகத்தான் பார்க்கிறது. தன்னை நோக்கி வரும் வேகத்தை மட்டுமே அதனால் அளக்க முடியும். 20 டிகிரி சாய்வில், திருத்தம் செய்யாவிட்டால், 60 கி.மீ. வேகம் 56 ஆகத்தான் பதிவாகும். மறுபுறம், பல நாடுகள் ஏற்றுள்ள ஐ.நா. விதிப்படி, வண்டியின் ஸ்பீடாமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது; கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். ஆக, இரண்டு சாய்வும் ஓட்டுபவருக்கே சாதகம்.

வேகக் கேமராவை உலகெங்கும் பரப்பியவர் மாரிஸ் கட்சோனிட்ஸ் என்ற டச்சு கார் பந்தய வீரர். வளைவுகளில் தன் வேகத்தை அளந்து, இன்னும் விரைவாக ஓட்டப் பழகத்தான் அவர் அந்தக் கருவியை உருவாக்கினார்!

சரி, அளவு சரிதான். வரம்பு எதற்கு? பிரேக்கின் இயற்பியல் அதற்குப் பதில் சொல்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது, சாலை காய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஏறக்குறைய 20 மீட்டரில் நின்றுவிடும். 60-ல் வரும் காருக்கு 37 மீட்டர் வேண்டும். 80 என்றால் 58 மீட்டர். வேகம் இரட்டித்தால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிவிடுவதே காரணம். இன்னும் உறைக்கும் கணக்கு ஒன்று: 40-ல் வந்த கார் நின்றுவிட்ட அதே இடத்தை, 60-ல் வந்த கார் சுமார் 55 கி.மீ. வேகத்தில் கடக்கும். மதுரை கோரிப்பாளையத்தில் ஒருவர் குறுக்கே நடக்கிறார் என்றால், அந்த 55-தான் அவர் மேல் மோதும்.

வேகமாகப் போவதில் லாபம்தான் எவ்வளவு? 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட மதுரை நத்தம் சாலை மேம்பாலத்தின் நீளம் 7.3 கி.மீ. அதை 60-ல் கடக்க 7 நிமிடம் 18 விநாடி. 80-ல் கடக்க ஏறக்குறைய ஐந்தரை நிமிடம். மிச்சம் இரண்டு நிமிடம்கூட இல்லை. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 71 சதவீத மரணங்களுக்கு அதிவேகமே காரணம் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம்.

கேமராவைக் கண்டதும் பிரேக் பிடித்து, தாண்டியதும் முறுக்குகிறவர்களுக்கும் மருந்து இருக்கிறது. இரண்டு கேமராக்கள் நம்பர் பிளேட்டைப் படித்து, இடைத்தூரத்தை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்துச் சராசரி வேகத்தைச் சொல்லிவிடும். இடையில் சந்து பொந்து இல்லாத மேம்பாலத்துக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும்.

ஆனால் இந்த எல்லாக் கணக்கும் ஒரு இடத்தில் சறுக்குகிறது: வரம்பு எவ்வளவு என்று ஓட்டுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வரம்போ மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மத்திய அரசு 2018-ல் வரம்புகளை உயர்த்தியது. நான்குவழிச்சாலையில் காருக்கு 100 என்றானது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. 2023 ஜூனில் சென்னைப் போலீசார் ரேடார்களோடு 40 கி.மீ. வரம்பை அறிவித்தபோது, காலியான சாலையிலும் 40-ஆ என்று வாகன ஓட்டிகள் கொதித்தார்கள். அந்த நவம்பரில் வரம்பு மாறியது: காருக்கு 60, பைக்குக்கும் கனரக வண்டிக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் 30. ரேடாரில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது வரம்பு மட்டும்தான்.

வேகத்தைப் போலவே மதுரையில் பார்க்கிங்கும் தீராத புலம்பல். முதல் சிக்கல் இடம். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சதுரம் சதுரமாக விரியும் வீதிகள் தேருக்கும் திருவிழாவுக்கும் பிறந்தவை. ஓரமாக நிற்கும் ஒரு காருக்குச் சுமார் இரண்டரை மீட்டர் அகலம் போய்விடும். இரண்டு பக்கமும் நின்றால் ஐந்து மீட்டர் சாலை காணாமல் போகும். இடம் தேடிச் சுற்றும் வண்டிகள் மிச்சச் சாலையையும் அடைத்துக்கொள்ளும். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் பல நகரங்களில் நடந்த 16 ஆய்வுகளைத் தொகுத்தார். நெரிசலான கடைவீதிகளில் ஓடிய வண்டிகளில் சராசரியாக 30 சதவீதம் பார்க்கிங் தேடி அலைந்தவை என்று தெரிந்தது. தெருவோரம் இலவசமாகவும் பார்க்கிங் கட்டடத்தில் கட்டணமாகவும் இருந்தால் யாரும் கட்டடத்துக்குப் போக மாட்டார்கள். ஷூப் சொன்ன வழி, ஒவ்வொரு தெருவிலும் ஓரிரு இடமாவது எப்போதும் காலியாக இருக்கும்படி தெருவோரக் கட்டணத்தை வைப்பது.

இன்னொரு சிக்கல், வேக வரம்பைப் போலவே, விதி தெரியாமல் போவது. ஆவணி மூல வீதியில் நகை வாங்க வந்தவர் கடை வாசலில் பைக்கை விடுகிறார். திரும்பி வந்தால் வண்டி இல்லை. டோயிங் வண்டி தூக்கிப் போயிருக்கிறது. "இங்க நோ பார்க்கிங்னு எங்கேங்க எழுதியிருக்கு?" என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி. தரையில் கோடும் எதிரில் பலகையும் இருந்தால் அந்தக் கேள்வியே எழாது.

விதியை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதை, வேகக் கேமராவைப் பொறுத்தவரை, சட்டமே ஒப்புக்கொள்கிறது. 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ, கண்காணிக்கப்படும் சாலையில் முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்கிறது. கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நோட்டீசில் நம்பர் பிளேட் தெரியும் படமும், கருவி அளந்த அளவும், தேதி, நேரம், இடமும் இருக்க வேண்டும். சலான் வந்தால் திட்டுவதற்கு முன் இவற்றைச் சரிபாருங்கள். குறிப்பாக நம்பர் பிளேட்டை. கேமரா வேகத்தைச் சரியாக அளந்துவிட்டு, மண் அப்பிய எழுத்தையோ அலங்கார எழுத்தையோ தப்பாகப் படிக்கலாம். படத்தில் இருப்பது வேறு வண்டி என்றால் இணையத்திலேயே ஆட்சேபிக்கலாம்.

அதிகாரிகளிடம் கேட்க வேண்டியதும் அதே அளவு எளிது. கேமரா பொருத்தும் முன் பலகை நடுங்கள், அபராதம் போடும் முன் கோடு போடுங்கள். ஓட்டுபவருக்குத் தெரியாத வரம்பு கஜானாவுக்குப் பணம் சேர்க்கும். சாலையில் வேகத்தைக் குறைக்காது.