துலா: துப்பாக்கிக்கும் சமோவாருக்கும் பெயர்பெற்ற ஊர்

மாஸ்கோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 190 கிலோமீட்டரில், உபா ஆற்றங்கரையில் இருக்கிறது துலா. 'துலாவுக்குச் சொந்தச் சமோவாரோடு போகாதே' என்று ரஷ்யர்கள் சொல்வார்கள். சமோவார் என்பது தேநீருக்கு வெந்நீர் காய்ச்சும் கலம். கொல்லன் தெருவில் ஊசி விற்காதே என்பதுதான் பொருள். துலா உண்மையிலேயே கொல்லர்களின் ஊர்.

ஆனால் ஊர் வளர்ந்தது எல்லைக் காவலுக்காக. கிரீமியத் தாத்தாரியர்களின் குதிரைப்படை தெற்குப் புல்வெளி வழியாக மாஸ்கோவை நோக்கி வரும். அதைத் தடுக்க 1514 முதல் 1520 வரை இங்கே ஒன்பது கோபுரங்கள் கொண்ட கோட்டையைக் கட்டினார்கள். கோட்டைக்கு இருபுறமும் காடே அரண். மரத்தை ஆள் உயரத்தில் பாதி வெட்டி, அடிமரத்திலிருந்து பிரிந்துவிடாமல், கிளைகள் எதிரியைப் பார்க்கும்படி சாய்த்துவிடுவார்கள். குதிரை அதைத் தாண்டாது. 1552இல் முற்றுகையிட்ட கிரீமியக் கானின் படையால் கோட்டைக்குள் நுழைய முடியவில்லை.

கோட்டை தாழ்வான கரையில் இருந்தது. 1607இல் கலகத் தலைவன் போலோத்னிகோவ் உள்ளே புகுந்துகொண்டபோது, ஜாரின் படை உபா ஆற்றுக்குக் குறுக்கே அணை போட்டது. வெள்ளம் ஊருக்குள் ஏறியது, தானியம் நனைந்தது, பசி மிஞ்சி, கலகக்காரர்கள் சரணடைந்தார்கள்.

சுற்றுவட்டாரத்தில் இரும்புத் தாதும் கரி சுட மரமும் கிடைத்தன. அதனால் துப்பாக்கிக் கொல்லர்கள் இங்கே குடியேறினார்கள். 1712இல் மகா பீட்டர் அரசு ஆயுதத் தொழிற்சாலை அமைக்க ஆணையிட்டார். குழல், விசை, வெடிமருந்து, துப்பாக்கிமுனைக் கத்தி ஆகியவற்றின் பெயர்களை இன்றும் இங்குள்ள தெருக்கள் தாங்கி நிற்கின்றன.

அந்தக் கத்தித் தெருவில்தான், 1778இல் லிசீத்சின் சகோதரர்கள் சமோவார் செய்யத் தொடங்கினார்கள். தகட்டைத் தட்டி வளைத்து, ஒழுகாமல் பற்றவைக்கும் கைத்திறன் ஆயுதப் பட்டறைகளில் ஏற்கனவே ஊறியிருந்தது. சமோவாரின் நடுவே ஒரு குழாய். அதில் கரியோ பைன் காய்களோ எரியும். சுற்றிலும் உள்ள நீர் கொதிக்கும். உச்சியில் சிறு கெண்டியில் கெட்டியான டிகாக்‌ஷன் சூடாக இருக்கும். அதைக் கொஞ்சம் கோப்பையில் ஊற்றி, நீர்க்குழாயைத் திருகி வெந்நீர் கலந்தால் தேநீர் தயார். உடன் கடிக்க, செதுக்கிய மர அச்சில் அழுத்திச் சுட்ட, நடுவே பழப்பாகு வைத்த துலா பிரியானிக் என்னும் இனிப்பு ரொட்டி.

ஊரிலிருந்து பதினான்கு கிலோமீட்டர் போனால் யாஸ்னயா பொல்யானா, டால்ஸ்டாய் வாழ்ந்த பண்ணை. 1908இல் அவர் எழுதிய 'ஒரு இந்துவுக்குக் கடிதம்' திருக்குறளின் 'இன்னா செய்யாமை' குறட்பாக்களை எடுத்துக்காட்டுகிறது. ஆயுதம் வடிக்கும் ஊரின் பக்கத்திலிருந்து இப்படி ஒரு கடிதம் போனது நெஞ்சைத் தொடும் செய்தி.

1941 அக்டோபர் இறுதியில் ஜெர்மானிய டாங்கிகள் ஊரின் விளிம்புக்கே வந்துவிட்டன. தொழிற்சாலையின் இயந்திரங்கள் அதற்குள் கிழக்கே அனுப்பப்பட்டிருந்தன. மிஞ்சிய கருவிகளை வைத்துத் தொழிலாளர்கள் ஆயுதங்களைப் பழுதுபார்த்தார்கள். தனிப் படைப்பிரிவாகத் திரண்டு ராணுவத்தோடு நின்று போரிட்டார்கள். மூன்று பக்கமும் எதிரி நெருங்கியும் துலா கடைசிவரை விழவில்லை. 1976இல் அதற்கு 'வீர நகரம்' என்ற பட்டம் வழங்கப்பட்டது.