கனடாவிற் பிறந்த ‘கஜபாகு’

கண்டியில் எசல பெரஹராவைக் கண்டவர்கள் பத்தினி தேவாலயத்தின் ஊர்வலத்தையும் கண்டிருப்பர். கண்ணகி வழிபாட்டை இலங்கைக்குக் கொணர்ந்தவன் கஜபாகு மன்னன் என்பது ஐதிகம். சிலப்பதிகாரம் அவனைக் ‘கயவாகு’ எனக் குறிக்கின்றது. அம்மன்னனின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்றும் நம் நாட்டில் இருந்தது. அது பிறந்ததோ தொலைதூரக் கனடாவில்; அதன் முதற்பெயர் ‘ஸ்ட்ராதடம்’.

மலைநாட்டில் வாழும் நமக்குக் கப்பற் கதை எதற்கு என எண்ணுதல் வேண்டா. நம் மலைகளில் விளையும் தேயிலை கப்பலேறியே செல்கின்றது. நாம் உண்ணும் மாவுக்கான கோதுமையும் கடல்வழி வருவதே.

இரண்டாம் உலகப் போரிலே பிரித்தானியாவின் உயிர்நாடியும் கடல்வழியாகவே இருந்தது. உணவும் எண்ணெயும் ஏற்றிவந்த வணிகக் கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மறைந்திருந்து தாக்கின. ஆதலின் வணிகக் கப்பல்கள் கூட்டமாகப் புறப்பட்டன. மந்தையைக் காக்கும் இடையரைப்போலக் காவற் கப்பல்கள் அவற்றைச் சூழ்ந்து சென்றன.

அத்தகைய காவலுக்கென்றே கனடாவின் மேற்குக் கரையில், எஸ்குவிமோல்ட் துறையில், ‘ஸ்ட்ராதடம்’ கட்டப்பெற்றது. 1944ஆம் ஆண்டு மார்ச்சில் நீரில் இறங்கி, செப்டெம்பரில் கடற்படையிற் சேர்ந்தது. நீளம் ஏறத்தாழ 300 அடி. ஒலியலைகளை நீருக்குள் அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியைக் கொண்டு நீர்மூழ்கியின் இருப்பிடத்தை அறியும் கருவி அதில் இருந்தது. முன்னோக்கி ஒரே வீச்சில் 24 குண்டுகளை எறியும் பொறியும் இருந்தது.

1945 மார்ச் 2ஆம் தேதி, யு-1302 என்னும் நீர்மூழ்கி இரண்டு வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. ஐந்து நாட்களின் பின், அயர்லாந்துக்கும் வேல்ஸுக்கும் இடைப்பட்ட கடலில், ‘ஸ்ட்ராதடம்’ மற்றும் இரு கனேடியக் கப்பல்களுடன் சேர்ந்து அதனை அழித்தது. அதிலிருந்த 48 பேரும் மாண்டனர். இரண்டு மாதங்களில் ஐரோப்பாவில் யுத்தமே முடிந்துவிட்டது. அந்த 48 பேருக்கும் வீட்டில் வழிபார்த்திருந்தோர் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

போர் முடிந்தபின் அக்கப்பல் 1950இல் இஸ்ரேல் வசமாகி ‘மிஸ்காவ்’ எனப் பெயர் பெற்றது. திருகோணமலைக் கடற்படைத்தளம் 1957இல் பிரித்தானியரிடமிருந்து இலங்கையின் கைக்கு வந்தது. இரண்டாண்டுகள் கழித்து, 1959இல், இலங்கை அதனை விலைக்கு வாங்கிக் ‘கஜபாகு’ எனப் பெயரிட்டது. அதே துறையிற் கட்டப்பெற்று, அதே வழியாக உடன்வந்த ‘ஓர்க்னி’, ‘மகாசேன’ ஆயிற்று. ‘கஜபாகு’ 1978 வரை பணிபுரிந்தது. 2019இல் அமெரிக்காவிடமிருந்து பெற்ற வேறொரு கப்பலுக்கு அப்பெயர் மீண்டும் சூட்டப்பட்டது.

மூழ்கடித்த கப்பல்களின் கணக்கைச் சரித்திரம் எழுதிவைக்கின்றது. காவற் கப்பலின் உண்மையான ஊதியமோ, ஒரு தீங்குமின்றிக் கரைசேர்ந்த கப்பல்களே. அவற்றைப் பற்றிச் சொல்ல நிகழ்ச்சி எதுவும் இருப்பதில்லை. சரித்திரம் பயிலும் மாணவர்கள் அந்த எழுதப்படாத கணக்கையும் எண்ணிப் பார்ப்பார்களாக.