ஐ.என்.ஏ. மார்க்கெட்டும் எஞ்சின் கரியும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் எட்டிப் பார்க்காத டில்லித் தமிழர் உண்டோ? முருங்கைக்காய், சேனை, வாழைப்பூ, நேந்திரங்காய், மணக்க மணக்கக் கறிவேப்பிலை என்று நம் ஊர்ச் சந்தையில் ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டு வந்து வைத்தாற்போல் இருக்கும். 1980களின் கடைசியில் நாங்கள் லட்சுமிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். மார்க்கெட் கூப்பிடு தூரம். ஆனாலும் காரில்தான் போவேன். அப்போது என்னிடம் இருந்தது பலர் கை மாறி வந்த ஒரு பிரீமியர் பத்மினி.

அந்த வண்டி மார்க்கெட் வாசலில் ஒரு வேடிக்கை காட்டும். சாவியைத் திருப்பி உருவி, பையோடு நான் இறங்கிய பிறகும் எஞ்சின் நிற்காது. தட், தட் என்று உடம்பைக் குலுக்கிக்கொண்டு ஐந்தாறு விநாடி தானாகவே ஓடும். கூடை தூக்கும் பையன்கள் சிரிப்பார்கள். "சாப், காடி கா மன் நஹீ பரா" என்பான் ஒருவன். வண்டிக்கு இன்னும் ஆசை தீரவில்லையாம்!

காரணம் கரி. பெட்ரோல் முழுவதும் எரியாமல் மிஞ்சுவதும், வளையங்களைத் தாண்டி மேலே ஏறும் ஆயிலும் வெந்து, பிஸ்டன் தலையிலும் வால்வுகளிலும் அப்பிக்கொள்கின்றன. அடிபிடித்த பால் பாத்திரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கரி சூட்டில் கனலாகச் சிவந்துவிட்டால் பிளக்கில் பொறி தேவையில்லை; கார்புரேட்டர் வழியே வரும் பெட்ரோலை அதுவே கொளுத்திவிடும். கரி இடத்தை அடைப்பதால் அமுக்கமும் கூடுகிறது. மேட்டில் ஏறும்போது எஞ்சின் 'கிணிகிணி' என்று தட்டுகிறது. குற்றம் வண்டியுடையது அல்ல, என்னுடையது. ஒரு கிலோமீட்டர் ஓடி எஞ்சின் சூடேறுவதற்குள் அணைத்துவிட்டால் கரி படியாமல் என்ன செய்யும்?

அந்த நாளில் இதற்கு ஒரே வைத்தியம், ஹெட்டைக் கழற்றிச் சுரண்டுவது. 'டீகார்பனைஸ்' என்பார்கள். ஒரு நாள் முழுக்க வேலை, புது கேஸ்கெட், வால்வு தேய்ப்பு என்று செலவு நீளும். சில மிஸ்திரிகள் எஞ்சினை வேகமாக ஓடவிட்டுக் கார்புரேட்டரில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவார்கள். ஆவி கரியைப் பெயர்க்கும். கை தவறித் தண்ணீர் கூடிவிட்டால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரை அமுக்க முடியாதல்லவா? என் வண்டிக்கு அதை நான் அனுமதித்ததில்லை.

இதெல்லாம் பழங்கதை என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது முனிர்காவில் இருக்கிறோம். 2013இல் வாங்கிய மூன்று சிலிண்டர் பெட்ரோல் வண்டி. இன்ஜெக்டர் உள்ள வண்டியில் சாவியை அணைத்ததும் பெட்ரோலும் நின்றுவிடும். பத்மினி போல வாசலில் ஆடி மானத்தை வாங்காது. அதனால் உள்ளே கரி சேருவதும் தெரிவதில்லை. மனைவிக்கு முழங்கால் அறுவை நடந்த பின் வாரம் மூன்று நாள் பிசியோதெரபி. போக வர நாலு கிலோமீட்டர். பிறகு மலை மந்திர், மார்க்கெட். ஒரு நாளும் எஞ்சின் முழுச் சூடு கண்டதில்லை.

போன குளிர்காலத்தில் காலையில் கிளப்பினால் இருமும். சிக்னலில் நின்றால் நடுங்கும். ஒரு நாள் அரவிந்தோ மார்க்கில் நடுத்தெருவில் அணைந்தது. பின்னால் பஸ், பக்கத்தில் ஊன்றுகோலோடு மனைவி. "வித்துத் தொலைச்சுடுங்கோ" என்றாள். அந்த வாரமே புகைச் சான்றிதழுக்குப் போனேன், தேறவில்லை. சான்றிதழ் இல்லாமல் பிடிபட்டால் 2019 முதல் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். எழுபத்து மூன்று வயதில் புதுக் கார் வாங்கவா? வாடகை வண்டிக்காரர்களோ இரண்டு கிலோமீட்டர் என்றால் வர மறுக்கிறார்கள். இந்த வண்டிதான் அவளுக்குக் கால்.

ஒரு பட்டறையில் ஹெட்டைத் திறந்தே ஆகவேண்டும் என்றார்கள். மனம் ஒப்பாமல், கோட்லா முபாரக்பூர் பக்கம் கொட்டகை போட்டிருக்கும் ஒரு வயதான சர்தார்ஜியிடம் போனேன். அவர் முதலில் மூன்று பிளக்குகளையும் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தார். மூன்றிலும் உலர்ந்த கரும்புகை. "தேக்கியே, சூகா ஹை" என்றார். ஈரமாக, ஆயில் பளபளப்போடு இருந்தால் வளையமோ வால்வு சீலோ போய்விட்டது என்று பொருள். எந்த மருந்தும் உதவாது. உலர்ந்த கரி என்றால் மருந்துக்கு வழி உண்டு. ஏர் ஃபில்டரில் டில்லித் தூசி ஒரு படி இருந்தது, அதை மாற்றினார்.

பிறகு திராட்டில் பாடி. கிளீனரை உள்ளே பீய்ச்சாமல் துணியில் நனைத்துத் துடைத்தார். மின்சாரத்தால் திறக்கும் தகட்டை விரலால் நெம்பக் கூடாது, பல்சக்கரம் போய்விடும் என்றார். துணி தார் போல வந்தது. எளிதில் தீப்பற்றும் திரவம். பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவரை விரட்டிவிட்டுத்தான் டப்பாவைத் திறந்தார்.

அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. பிளக் துளை வழியே ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் கரைப்பானை ஊற்றி, இரவு முழுதும் ஊறவிட்டார். மறுநாள் காலை உதவிப் பையன் அவசரத்தில் பிளக்குகளைப் பூட்டிவிட்டுச் சாவியில் கை வைத்தான். சர்தார்ஜி போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. உள்ளே திரவம் நிற்க ஸ்டார்ட் செய்திருந்தால், அதே பழைய தண்ணீர்க் கதை, ராடு வளைந்திருக்கும். பிளக்கைக் கழற்றி, திரவத்தை உறிஞ்சி, துளைகளைத் துணியால் மூடி எஞ்சினைச் சுற்றவிட்டார்கள். கறுப்புச் சாறாகத் துணியில் தெறித்தது. வளையம் வழியே கீழே இறங்கிய கரைப்பான் ஆயிலை நீர்க்கச் செய்துவிடும் என்பதால் ஆயிலும் ஃபில்டரும் அன்றே புதிது.

கடைசி மருந்து பெட்ரோல் டாங்கில் ஊற்றும் புட்டி. இதில்தான் ஏமாறுகிறோம். லேபிளில் பாலிஈதர் அமீன் இருக்கிறதா என்று பாருங்கள். எரியறைக் கரியையும் கரைக்கக்கூடிய இதை அமெரிக்காவின் ஷெவ்ரான் நிறுவனம் 1980களிலேயே பெட்ரோலில் சேர்க்கத் தொடங்கியது. வேறு சில மருந்துகள் வால்வைத் துலக்கும். ஆனால் எரியறையில் தாங்களே படிந்துவிடும். இன்னொன்று: அதிக ஆக்டேன் பெட்ரோல் போட்டால் கரி போகும் என்று நம் நண்பர்கள் பலர் நம்புகிறார்கள். ஆக்டேன் என்பது தட்டலைத் தாங்கும் சக்தி. அதற்கும் கரியைக் கழுவுவதற்கும் சம்பந்தமில்லை.

எதிர் ஃபிளாட் இளைஞர் என் கதையைக் கேட்டுத் தன் புது டர்போ வண்டிக்கும் அதே புட்டியை வாங்கப் புறப்பட்டார். தடுத்தேன். அதில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பாய்கிறது. உள்வால்வின் முதுகை நனைப்பதே இல்லை. டாங்கில் எதை ஊற்றினாலும் அங்கே போகாது. அந்த வால்வுகளை அக்ரூட் ஓட்டைப் பொடித்துக் காற்றோடு அடித்துத் துலக்குகிறார்கள்! ஐ.என்.ஏ.வில் அக்ரூட் பேரம் பேசும்போதெல்லாம் இது நினைவுக்கு வந்து சிரிப்பேன். ஓட்டை இனி வீசக் கூடாது போலிருக்கிறது.

புட்டியை ஊற்றியாயிற்று, நீண்ட தூரம் ஓட்ட வேண்டுமே? நல்லவேளையாகத் திருச்சியிலிருந்து மைத்துனர் குடும்பம் தாஜ்மகால் பார்க்க வந்தது. யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் ஆக்ரா போய் வந்தோம். முதல் அரை மணி நேரம் பின்னால் புகை. மைத்துனர் பயந்தே போனார். திரும்பும்போது எஞ்சின் சத்தமே கேட்கவில்லை. மறுநாள் புகைச் சோதனையில் தேறியது. சான்றிதழைப் பூஜை அலமாரியில் வைக்கப் போனேன், மனைவி விடவில்லை.

இப்போது ஐ.என்.ஏ.விலிருந்து நேரே வீட்டுக்கு வருவதில்லை. மாதம் இரண்டு ஞாயிறு ரிங் ரோடில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் முனிர்கா. கீரை வாடிப்போகிறது என்று மனைவி முணுமுணுக்கிறாள். ஆனால் விற்றுவிடு என்று சொல்வதில்லை.