புத்தூர் ரோட்டில் போகும் ஜமா

மாசி பிறந்தால் காஞ்சிபுரம், செய்யாறு, ஆற்காடு, சோளிங்கர் பக்கத்தில் ஜமா எனப்படும் கூத்துக் குழு வைத்திருப்பவர்களின் செல்போன் ஓயாது. ஊர்ப் பெரியவர்கள் நேரிலும் வருவார்கள். தாம்பூலம் மாற்றி, முன்பணம் வாங்கி, எந்தத் தேதியில் எந்த ஊரில் என்ன நாடகம் என்று நோட்டில் எழுதிவிட்டால் அந்த வருஷத்துப் பயணம் முடிவாகிவிடும். அதற்குப் பிறகு ஆவணி வரைக்கும் வேஷக்காரர்களும் மேளக்காரர்களும் சொந்த வீட்டில் படுத்துத் தூங்கும் ராத்திரிகள் குறைவு. அந்த நோட்டைப் புரட்டினால் தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே நகரி, புத்தூர், சித்தூர் பக்கத்து ஊர்களும் வரும். திருத்தணியைத் தாண்டி திருப்பதிக்குப் போகும் ரோட்டில் சித்திரை வைகாசி ராத்திரிகளில் கட்டைப் பெட்டிகளை மேலே கட்டிக்கொண்டு ஒரு வேன் போனால், அதற்குள் இருப்பது பெரும்பாலும் பாரதம் பாடப் போகிறவர்கள்தான்.

இந்தப் பாதை மாநில எல்லையைவிடப் பழையது. 1911 ஏப்ரல் மாதம் தனி மாவட்டமாகும் வரை சித்தூர், வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த ஊர். திருப்பதி, புத்தூர், திருத்தணி எல்லாம் ஒரே கலெக்டரின் கீழ் இருந்தன. 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அந்தப் பக்கம் போனது. வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. 2022-ல் மாவட்டத்தை மறுபடி பிரித்தார்கள். நகரி சித்தூரிலேயே நின்றது. பக்கத்து ஊரான புத்தூர் புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. இத்தனை கோடுகள் விழுந்தும் திரௌபதி அம்மன் கோயில்களை ஒன்றோடொன்று கோத்திருந்த பாதை அறுபடவில்லை. தமிழில் திரௌபதி அம்மன் கோயில் என்கிறோம். தெலுங்கில் தர்மராஜா கோயில் என்கிறார்கள். சித்தூர், புத்தூர், ஸ்ரீகாளஹஸ்தி என்று ஊருக்கு ஊர் பாரதத் திருவிழா நடக்கிறது. அதற்குக் கூத்து வேண்டும். கூத்து இல்லாமல் அந்த அம்மனுக்குத் தீமிதி இல்லை.

திருவிழா பல ஊர்களில் பதினெட்டு நாள். வசதியைப் பொறுத்துக் கூடும், குறையும். பகலில் கதை சொல்லல். தமிழ் ஊர்களில் வில்லிபுத்தூராரின் பாரதத்தை வைத்துப் பிரசங்கியார் சொல்வார். தெலுங்கு ஊர்களில் ஹரிகதை. எந்த இடத்தில் கதை நிற்கிறதோ அதை ஒட்டி ராத்திரி நாடகம். வில் வளைப்பு, பகடைத் துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு வதை, கர்ண மோட்சம் என்று போய், கடைசி ராத்திரி பதினெட்டாம் போர். மறுநாள் காலை படுகளம், சாயங்காலம் தீமிதி. ஜமாக்காரர்கள் இதைக் கூத்து என்று சொல்வது குறைவு. நாடகம் என்பார்கள், ஆட்டம் என்பார்கள். சித்தூர் பக்கத்தில் வீதி நாடகம்.

கூத்து என்றதும் கண்ணில் நிற்பது வேஷம்தான். கல்யாண முருங்கை மாதிரி எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம். துரியோதனனுக்குச் சிவப்பு முகம், கிருஷ்ணனுக்குப் பச்சை முகம். கட்டைக்கூத்து என்ற பெயரே இந்த மரக்கட்டைகளால் வந்தது. படம் எடுக்க வருகிறவர்கள் அரிதாரம் பூசும் இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் ஒரு ஜமா ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போவது முதலில் பாட்டைத்தான். வேஷக்காரர் யாராக இருந்தாலும் முதலில் பாடகர். பாட வராதவருக்குக் கட்டை கட்ட மாட்டார்கள்.

ஆடுமிடமான களரியின் பின்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மேளக்காரர்களைக் கவனியுங்கள். பெட்டி என்று அவர்கள் சொல்லும் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், பிறகு முகவீணை. ஒன்பது, பத்து மணி வாக்கில் மேளக்கட்டு தொடங்கும். நாடகம் ஆரம்பிக்கப் போகிறது என்று வயல் தாண்டி இருக்கும் வீடுகளுக்கும் தெரிவிக்கும் வாசிப்பு அது. ஜனம் வந்து பாய் விரித்து இடம் பிடிக்கும் வரை வாசிப்பார்கள். பிள்ளையார் பாட்டு, கோமாளியான கட்டியக்காரன் வருகை, பிறகு இரண்டு பேர் பிடித்து நிற்கும் திரைக்குப் பின்னாலிருந்து சலங்கைச் சத்தம். முகம் தெரிவதற்கு முன்னே குரல் வந்துவிடும். திரைக்குப் பின்னால் நின்று பாடும் அந்த விருத்தத்திலேயே வந்திருப்பவர் துரியோதனனா, கர்ணனா என்று ஊர்க் கிழவிகள் சொல்லிவிடுவார்கள். திரை விலகியதும் கிறிக்கி சுற்றி ஆட்டம். அவர் ஒரு அடி பாடினால் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்த நேரத்தில்தான் அவர் ஆடுவார், மூச்சு வாங்குவார். ராத்திரி முழுக்க ஓடுவது இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான்.

மைக் இல்லாத காலத்தில் ஊர்க் கோடி வரை கேட்கவேண்டும் என்பதால் சுருதி உச்சத்தில் வைத்துப் பாடினார்கள். மைக் வந்த பிறகும் அந்த சுருதி இறங்கவில்லை. இறங்கினால் வீரம் போய்விடும் என்று நினைக்கிறார்கள். அது சரியான நினைப்பு என்றே எனக்கும் படுகிறது. அந்த உச்சத்துக்கு ஈடு கொடுப்பது முகவீணை. நாதஸ்வரத்தின் சின்ன உருவம், முழம் அளவுகூட இருக்காது. சீவாளியை நாக்கில் நனைத்து, கன்னம் உப்ப ஊதினால் குரலுக்கு மேலே ஒரு கோடு இழுத்தது மாதிரி ஓடும். பாடுகிறவர் விட்ட இடத்தை அது எடுத்துக்கொள்ளும். துகில் நாடகத்தில் பாஞ்சாலி முகாரியில் அழும்போது, பாட்டு நின்ற பிறகும் முகவீணை அழுதுகொண்டிருக்கும். விடிய விடிய அதை ஊதுவதற்கு நுரையீரல் வேண்டும், எல்லா நாடகத்தின் எல்லாப் பாட்டும் மனப்பாடமாக இருக்கவேண்டும். வேஷக்காரருக்காவது நடுவில் ஒரு மணி நேரம் கண் அசரக் கிடைக்கும். இவருக்கு அதுவும் கிடையாது. முகவீணை வாசிக்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். முகவீணை இல்லாமல் ஆர்மோனியத்தை மட்டும் வைத்து ஒப்பேற்றும் ஜமாக்கள் இருக்கின்றன. ஆர்மோனியத்தின் இடத்துக்குக் கீபோர்டு வந்த ஜமாக்களும் இருக்கின்றன. கூத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிறவர்கள் முதலில் கை கொடுக்க வேண்டிய இடம் இந்தப் பெஞ்ச்.

தெலுங்கு ஊரில் தமிழ் ஜமா எப்படி ஆடுகிறது என்ற கேள்வி வெளியூர்க்காரர்களுக்குத்தான் வரும். நகரி, புத்தூர், சித்தூர், குப்பம் பக்கத்தில் வீட்டில் ஒரு மொழி, கடையில் ஒரு மொழி பேசுவது சாதாரணம். அந்த வட்டாரத்திலேயே இருக்கும் குழுக்கள் தெலுங்கில் ஆடுகின்றன. இரண்டு மொழியிலும் ஆடுகிறவர்கள் உண்டு. கட்டியக்காரன் பாடு கொண்டாட்டம். ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடித்துச் சிரிக்கவைப்பார். பாட்டு என்று வந்துவிட்டால் மெட்டும் தாளமும் ஒன்று. மோகனத்தில் கர்ணன் வருகிறான் என்பதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை.

அர்ச்சுனன் தபசு அன்று கூட்டம் இரண்டு மடங்கு. உயரமான மரத்தை நட்டு, ஏறுவதற்குப் படி அடித்து, உச்சியில் பலகை கட்டியிருப்பார்கள். தபசு மானு என்பது தெலுங்குப் பெயர். பாசுபதம் வாங்கப் போகும் அர்ச்சுனனாக ஒரு நடிகர், ஒவ்வொரு படியிலும் நின்று பாடிப் பாடி ஏறுகிறார். கட்டிப் பிடிக்கவேண்டும், மூச்சும் வேண்டும், சுருதியும் விலகக்கூடாது. கீழே மேளக்காரர்கள் அண்ணாந்து பார்த்தபடி அவர் மூச்சுக்குத் தக்கபடி வாசிக்கிறார்கள். மரத்தடியில் பிள்ளை வரம் கேட்டு ஈரப் புடவையோடு பெண்கள் கும்பிட்டுக் கிடக்கிறார்கள். உச்சிக்குப் போனதும் அவர் எலுமிச்சம்பழம், விபூதி, வில்வம் என்று வீச, முந்தானை ஏந்திப் பிடிப்பார்கள். அந்த நேரத்தில் மேலே இருப்பவர் அவர்களுக்கு நடிகர் இல்லை. அவரும் அதை உணர்ந்துதான் அன்றைக்கு விரதம் இருந்து ஏறுகிறார்.

படுகளத்தன்று மண்ணில் பெரிய துரியோதனன் உருவம் படுத்திருக்கும். ராத்திரி முழுக்கப் போர் ஆடிய பீமனும் துரியோதனனும் காலை வெயிலில் அந்த மண் உடம்பைச் சுற்றி ஓடி ஆட, தொடையில் அடி விழ, திரௌபதி கூந்தல் முடிவாள். அதுவரை மேளம் நிற்காது. முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்குத் தாளத்தைக் கையில் எடுத்தவர் மறுநாள் பத்து மணிக்கும் தட்டிக்கொண்டிருப்பார்.

திருப்பதி நகரத்தின் சொந்தத் திருவிழா வேறு மாதிரி. மே மாதத்தில் தாதய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரை. பைராகி, தோட்டி, தொர, மாதங்கி என்று நாளுக்கொரு வேஷம் தப்பட்டை மேளத்தோடு தெருத் தெருவாகப் போகும். புடவை கட்டிய ஆண்கள் ஆயிரக்கணக்கில் அம்மனைக் கும்பிட வருவார்கள். அங்கே ஊரே வேஷம் போட்டுக்கொள்கிறது. கூலிக்கு வரும் ஜமாவுக்கு அதில் வேலை குறைவு. ஆனால் வேஷத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாத ஒரு மண் இது என்பது அங்கே புரிந்துவிடும். பாரதம் இங்கே ஏன் இத்தனை ஆழமாக வேரூன்றியது என்பதும் அதோடு சேர்ந்தே புரியும்.

காசு விஷயம் பேசாமல் இந்தப் பயணத்தைப் பேசினால் பாதிதான் பேசியதாகும். முன்பு சில ஊர்களில் ஆடும் உரிமை சில குடும்பங்களுக்கு ‘முறை’ என்று பரம்பரையாக இருந்தது. வரும்படியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இன்று ஜமா முதலாளி ஊரோடு தொகை பேசுகிறார். நடிகர்களுக்கு வருஷ ஆரம்பத்திலேயே முன்பணம் கொடுத்துக் கட்டிவைக்கிறார். மகள் கல்யாணம், ஆஸ்பத்திரி என்று அந்த முன்பணம் போய்விடும். பிறகு அதைக் கழிக்க ராத்திரி ராத்திரியாக ஆடவேண்டும். மழைக்காலம் வந்தால் பயணம் நின்றுவிடும். அப்போது கை கொடுப்பது கருமாதி வீடுகள். செத்தவருக்கு நல்ல கதி கிடைக்கக் கர்ண மோட்சம் வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சரியாகப் பங்குனியில் வந்தது. அடுத்த வருஷமும் அதே மாதங்களில் இரண்டாம் அலை. வருஷத்தில் ஆறு மாதம் சம்பாதித்து மீதியை ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு சீசன் சேர்ந்தாற்போல் போனது என்றால் என்ன என்று விளக்கவேண்டியதில்லை.

இதே மரபு விமானமும் ஏறியிருக்கிறது. செய்யாறு பக்கத்துப் புரிசை கிராமத்தில் கண்ணப்பத் தம்பிரான் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஆடுகிறது. அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் ந. முத்துசாமி ‘கூத்துப்பட்டறை’ என்ற தன் நாடகக் குழுவுக்கு வழி கண்டார். 2016-ல் பாரிஸின் ‘தியேத்ர் து சொலேய்’ குழு அரங்கேற்றிய ‘இந்தியாவில் ஓர் அறை’ நாடகத்துக்காகப் பிரெஞ்சு நடிகர்கள் புரிசை சம்பந்தத் தம்பிரானிடம் கூத்து கற்றுக்கொண்டார்கள். மறு வருஷம் அந்த நாடகம் நியூயார்க் வரை போனது. பெருங்கட்டூர் ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் முன்னின்று 1990-ல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், கலைஞர்களை ஒன்று திரட்டியது. 2002-ல் அவர்கள் ஆரம்பித்த குருகுலம், ஆண்கள் மட்டுமே கட்டை கட்டிய களரியில் பெண் பிள்ளைகளையும் ஏற்றியது. இந்தக் கலைக்கு அரை நூற்றாண்டில் நடந்த பெரிய காரியம் அதுதான் என்பேன்.

வெளிநாட்டுப் பயணம் பெருமைதான். ஆனால் கூத்தை வாழவைப்பது அது இல்லை. நகரத்து விழா மேடையில் அரைமணி நேரம் கொடுக்கிறார்கள். ஒரு வேஷத்துக்குத் திரை விலகவே அந்த நேரம் போதாது. சுருக்கினால் முதலில் வெட்டுப்படுவது விருத்தமும் பின்பாட்டும்தான். மிஞ்சுவது சுற்றி ஆடும் ஆட்டம் மட்டும். இப்படிப் பத்து வருஷம் ஆடினால் பிள்ளைகளுக்கு மீதிப் பாட்டு எப்படித் தெரியும்? முழு ராத்திரிப் பாடம், முழு ராத்திரி கேட்கும் ஊர் இருந்தால்தான் நிற்கும். அந்த ஊர்கள் பாலாற்றங்கரையில் இருக்கின்றன. புத்தூர் மலையடிவாரத்திலும் இருக்கின்றன. வரி போட்டு, வசூல் செய்து, ஜமாவுக்குச் சாப்பாடு போட்டு விடியும் வரை உட்கார்ந்து கேட்கிற அந்த ஜனங்களுக்குத்தான் கூத்து கடன்பட்டிருக்கிறது. விருதுகள் எல்லாம் பிறகு.

திருப்பதிக்குப் போகிறவர்கள் கோடையில் ஒரு ராத்திரியை இதற்கு ஒதுக்கலாம். நகரியிலோ புத்தூரிலோ விசாரித்தால் எந்தப் பக்கம் பாரதம் நடக்கிறது என்று சொல்வார்கள். தீமிதி நாளில் போகாதீர்கள், கூட்டத்தில் எதுவும் கேட்காது. நடுவில் ஒரு நாள், தூதோ துகிலோ நடக்கும்போது போங்கள். முன்னால் இடம் கிடைத்தாலும் பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். முகவீணைக்காரர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று தேடிப் பாருங்கள். விடிந்ததும் வசூல் தட்டு வந்தால் அவர் பெயரைச் சொல்லிப் போடுங்கள். மைக்கில் அந்தப் பெயரையும் வாசிப்பார்கள்.