கேமரா எந்த உயரத்தில் நிற்க வேண்டும்?



"வீடியோ எடுப்பது என்ன பெரிய வித்தையா? பட்டனை அமுக்கினால் தானாக எடுத்துக்கொள்ளப் போகிறது" என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி. சென்ற ஆண்டு துறைக் கண்காட்சிக்காக, அவரவர் ஊர்த் தொழில் ஒன்றைப் பற்றி ஐந்து நிமிட வீடியோ எடுத்துவரச் சொன்னார்கள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு என்பது புரிந்தது. நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம் என்பதற்காகவே இக்கட்டுரை.

என் ஊர் பாகூர். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற ஊர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டிலேயே, எங்கள் ஊரில் ஒரு கல்விச்சாலை இருந்தது என்றும், அதற்கு மூன்று ஊர்கள் தானமாகக் கொடுக்கப்பட்டன என்றும் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. ஆனால் எங்கள் வீட்டுக்குப் படிப்பு வந்து சேர என் காலம் வரை ஆகிவிட்டது! அப்பா கரும்பு வெட்டப் போவார். அம்மா நடவுக்குப் போவார். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். எனவே ஊர்த் தொழில் என்றதும் வேறு எதையும் யோசிக்கவில்லை. நாற்று நடவையே எடுப்பது என்று முடிவு செய்தேன். கருவி? அண்ணனின் செல்போன்!

வீடியோ என்பது என்ன?

ஓடுகிற படம் என்று ஒன்று உண்மையில் இல்லை. அடுத்தடுத்து எடுத்த நிழற்படங்களை வேகமாகக் காட்டினால் நமது கண்ணும் மூளையும் சேர்ந்து அதை ஓட்டமாக எடுத்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். சினிமாவில் நொடிக்கு 24 படங்கள். நமது நாட்டுத் தொலைக்காட்சி ஏற்றுக்கொண்ட பால் முறையில் நொடிக்கு 25 படங்கள், ஒவ்வொன்றிலும் 625 வரிகள். அமெரிக்காவின் முறையில் சுமார் 30 படங்கள், 525 வரிகள். ஏன் இந்த வேறுபாடு? நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அவர்களுடையது 60 ஹெர்ட்ஸ். படங்களின் எண்ணிக்கையை அதற்கு ஏற்றபடி பாதியாக வைத்துக்கொண்டார்கள்.

இது பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். அம்மாவை வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பேச வைத்தேன். போட்டுப் பார்த்தால் படம் முழுக்கப் பட்டை பட்டையாக மினுக்குகிறது! போன் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். காரணம் வேறு. சோக் வைத்த பழைய டியூப்லைட் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். போனின் ஷட்டர் 1/60 நொடியில் இருந்தால் ஒரு படத்தில் அந்தத் துடிப்பு முழு எண்ணாக அடங்காது. ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் விழும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று மாற்றினேன். மினுக்கல் மாயமாய் மறைந்தது. சர்க்யூட் வகுப்பில் தூங்காமல் இருந்ததற்குக் கிடைத்த பரிசு இது என்பேன்.

வெளிச்சம்

கழனியில் முதல் நாள் எடுத்ததில் அம்மாவின் முகமே தெரியவில்லை. பின்னால் வானம், கீழே தண்ணீர் தேங்கிய சேறு, இரண்டும் பளபளக்கின்றன. நடுவில் இருக்கிற ஆள் கரிக்கட்டை போல! "நாம கறுப்பா இருந்தா அப்படித்தான் வரும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. இல்லை அக்கா, குற்றம் நம் நிறத்தில் இல்லை. தானியங்கி முறையில் கேமரா காட்சியில் உள்ள மொத்த வெளிச்சத்தையும் பார்த்து ஒரு சராசரிக்குக் கொண்டுவரப் பார்க்கிறது. வானம் அதிகமாக இருந்தால் "வெளிச்சம் போதும்" என்று குறைத்துவிடுகிறது. முகம் இருண்டுபோகிறது.

செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, சூரியன் ஆளுக்குப் பின்னால் இல்லாதபடி நாம் இடம் மாறி நிற்பது. இரண்டு, திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்தி, வெளிச்ச அளவை அங்கேயே பூட்டிவிடுவது. வானம் வெளுத்துப் போனால் போகட்டும். நாம் காட்ட வந்தது வானத்தை அல்லவே!

ஆடாத கை

1920க்கு 1080 என்ற அளவுள்ள படத்தில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் வைத்து, நொடிக்கு 25 படம் என்று பெருக்கிப் பாருங்கள். நொடிக்கு ஏறக்குறைய 155 மெகாபைட்! எந்தப் போன் தாங்கும்? எனவே போன் ஒவ்வொரு படத்தையும் முழுதாகச் சேமிப்பதில்லை. முந்தைய படத்துக்கும் இதற்கும் என்ன மாற்றமோ அதை மட்டும் பெரும்பாலும் எழுதி வைக்கிறது. கை ஆடினால் எல்லாப் புள்ளிகளும் மாறும், மாற்றத்தை எழுத இடம் போதாது, படம் குழம்பும். ஸ்டாண்டு வாங்கக் காசில்லாவிட்டால் என்ன? துணிப்பையில் ஒரு படி அரிசியைப் போட்டுக் கட்டி, அதன்மேல் போனைப் பதித்து வைத்தேன். மலை போல நின்றது. எடுத்து முடித்ததும் அரிசி உலைக்குப் போய்விட்டது!

ஒரு ஷாட்டைக் குறைந்தது 10 நொடியாவது ஓட விடுங்கள். முதலில் கழனி முழுவதும் தெரிகிற மாதிரி, அடுத்து ஆள் இடுப்பு வரை, அடுத்து சேற்றில் நாற்றை ஊன்றுகிற விரல்கள் மட்டும் என மூன்று அளவிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நடவு நடுபவர்கள் பின்னோக்கி நகர்வார்கள் என்பது நமக்குத் தெரியும். ஒரு ஷாட்டை இந்த வரப்பிலிருந்தும் அடுத்ததை எதிர் வரப்பிலிருந்தும் எடுத்து ஒட்டினால், இடப்பக்கம் போனவர்கள் திடீரென்று வலப்பக்கம் போவார்கள். பார்க்கிறவர் குழம்பிவிடுவார். எனவே ஒரு பக்க வரப்பைப் பிடித்துக்கொண்டால் அந்தப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

ஒலி

படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள். பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். ஏரிக்காற்று மைக்கில் அடித்தால் வெறும் புஸ்ஸென்ற சத்தம்தான் மிஞ்சும். நான் இன்னொரு போனை அம்மாவின் முந்தானையில் முடிந்து குரலைத் தனியாகப் பதிவு செய்தேன். தொடக்கத்தில் அம்மாவையே ஒரு தடவை கை தட்டச் சொன்னேன். படத்தில் கை சேர்கிற இடத்தையும் ஒலியில் "டப்" என்று கேட்கிற இடத்தையும் எடிட்டிங்கில் பொருத்தினால் உதடும் குரலும் சேர்ந்துவிடும். தூரத்திலிருந்து பதிவு செய்தால் என்ன ஆகும்? ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 50 மீட்டர் தள்ளி நின்றால் குரல் ஏறத்தாழ 4 படங்கள் பின்தங்கும். கணக்கு எங்கெல்லாம் வந்து நிற்கிறது பாருங்கள்!

எல்லாவற்றிலும் பெரிய பாடம்

இவ்வளவையும் சரி செய்து, உயரமான வரப்பின் மேல் நின்று, குனிந்து நடும் பத்துப் பெண்களையும் வரிசையாக எடுத்தேன். பச்சை நாற்றும் வண்ணப் புடவைகளுமாகப் படம் பிரமாதம்! அன்று ராத்திரியே அம்மாவிடம் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"இன்னாடி இது, வரப்பு மேல நின்னுக்கினு ஆண்டை பாக்குற மாதிரியே கீது. எங்க முதுகுதான் தெரியுது. மூஞ்சி எங்க?"

எனக்குச் சுருக்கென்றது. எட்டாம் வகுப்பு லீவில் அதே கழனியில் அம்மாவோடு நாற்று நட்டவள் நான். வரப்பில் நிற்கிறவருக்கு நாம் எப்படித் தெரிவோம் என்று அன்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. இன்று நானே அந்த இடத்தில் போய் நின்றிருக்கிறேன்!

மறுநாள் எங்கள் விரிவுரையாளரிடம் சொன்னேன். அவர்தான் பஸ்தாபூர் கதையைச் சொன்னார். தெலங்கானாவில் ஜஹீராபாத் அருகே உள்ள சிற்றூர் அது. அங்கே தக்காண வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த தலித் விவசாயப் பெண்கள் 1990களின் இறுதியில் வீடியோ கற்றார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாடப்புத்தகத்தில் இருக்கிற ஆங்கிலப் பெயர்கள் அவர்களுக்கு ஒட்டவில்லை. தாங்களே பெயர் வைத்தார்கள். மேலேயிருந்து கீழே பார்த்து எடுப்பது "பட்டேல் ஷாட்", அதாவது நிலக்கிழார் கூலியாளைப் பார்க்கிற பார்வை. கீழேயிருந்து அண்ணாந்து எடுப்பது "அடிமை ஷாட்". கண்ணுக்குக் கண் நேராக எடுப்பது "சங்கம் ஷாட்". சங்கத்தில் எல்லோரும் சமமாகத் தரையில் உட்காருகிறார்கள் அல்லவா, அதனால்! எங்கள் அம்மா சொன்னதும் இதேதானே? அவரும் பள்ளிக்கூடம் போகாதவர்தான்.

இதற்கும் முன்னால், 1984இல் அகமதாபாத்தில் சேவா என்ற உழைக்கும் பெண்கள் சங்கம் "வீடியோ சேவா"வைத் தொடங்கியது. காய்கறி விற்ற பெண்களும் கேமரா பிடிக்கக் கற்றார்கள். அதற்கும் முன்னால் 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக் காலம், செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டினார்கள். அது பெரிய சாதனைதான். ஆனால் அங்கே கிராமம் பார்க்கிற இடத்தில் இருந்தது. பஸ்தாபூரிலும் அகமதாபாத்திலும் எடுக்கிற இடத்துக்கு வந்தது.

வீடியோவைக் கலையாக்கியவர்களில் முதன்மையானவர் கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக். 1963இல் ஜெர்மனியின் வுப்பர்தால் நகரில், தொலைக்காட்சிப் பெட்டிகளின் உள் சர்க்யூட்டையே மாற்றியமைத்துக் கண்காட்சி வைத்தவர். 1974இல் அவர் ஒரு புத்தர் சிலையைத் தொலைக்காட்சியின் எதிரே வைத்தார். கேமரா புத்தரைப் படம்பிடிக்கிறது, புத்தர் அந்த நொடியே திரையில் தன்னைத் தானே பார்க்கிறார். ஃபிலிமில் இது நடக்காது. கழுவி, உலர்த்தி, பிரதி எடுத்த பிறகுதான் பார்க்க முடியும். வீடியோவில் எடுக்கப்பட்டவர் உடனே பார்க்கலாம், பார்த்துவிட்டு "இது சரியில்லை" என்றும் சொல்லலாம். வீடியோவின் முதல் அடிப்படை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். யாரை எடுத்தோமோ அவரிடம் முதலில் போட்டுக் காட்டுங்கள்.

மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். அரிசிப் பையைப் பிளாஸ்டிக் ஸ்டூலில் வைத்து, குனிந்திருக்கிற முகங்களின் உயரத்துக்குப் போனைக் கொண்டுவந்தேன். அப்போதுதான் தெரிந்தது, நடவு நடும்போது அவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். வரப்பின் மேலிருந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது!

கடைசியாக ஒன்று. எடிட்டிங் முடித்து, அம்மாவின் முகத்துக்குக் கீழே "ஒரு விவசாயத் தொழிலாளி" என்று எழுத்துப் போட்டிருந்தேன். கல்லூரியில் எல்லோரும் பார்ப்பார்களே என்ற கூச்சம். ஒளித்து என்ன பயன்? கண்காட்சிக்கு முதல் நாள் இரவு அதை அழித்துவிட்டு "என் அம்மா" என்று போட்டேன். அதுவும் கேமரா உயரத்தைச் சரி செய்கிற வேலைதான் என்று நினைக்கிறேன்.

தோழர்களே! விலையுயர்ந்த கேமரா இல்லையே என்று ஏங்க வேண்டாம். கையில் இருக்கிற போன் போதும். ஷட்டரையும் வெளிச்சத்தையும் ஒலியையும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். எங்கே நின்று பார்க்கிறோம் என்பதை மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் ஊர், உங்கள் வீட்டுத் தொழில் எதுவானாலும் எடுங்கள், அடுத்த ஆண்டு கண்காட்சியில் சந்திப்போம்.