சாக்கெட் கருகிடுச்சா? புதுசு மாட்டும்போது பச்சை வயரை மட்டும் விட்டுடாதீங்க!

வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண் தொழிலாளர் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆனாலும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் வேலை பார்க்கும் பலருக்கு இன்னும் வாடகை அறைதான் வீடு. ஒன்றிரண்டு பிளக் பாயிண்டிலேயே இண்டக்‌ஷன் அடுப்பு, கெட்டில், அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஓடணும். ஒருநாள் சாக்கெட் கருகும். அப்போ என்ன செய்யணும்?

ஏன் கருகுது?

சின்ன சாக்கெட் 6 ஆம்பியர் தாங்கும். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 1,380 வாட். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். கன்வெர்ட்டர் பிளக் போட்டு அதைச் சின்ன சாக்கெட்டில் செருகினால் சூடு ஏறாமல் என்ன செய்யும்? ஸ்குரூ லூசாக இருந்தாலும் இதே கதைதான்.

நீங்களே மாற்றலாமா?

அதே அளவு சாக்கெட்டை அப்படியே மாற்றுவது என்றால் மாற்றலாம். 6 ஆம்பியரை எடுத்துவிட்டு 16 ஆம்பியர் போடுவது, புது லைன் இழுப்பது எல்லாம் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை. அதற்குத் தடிமனான வயர் வேணும், சாக்கெட்டை மட்டும் மாற்றினால் சுவருக்குள் வயர் கருகும். எதுவாக இருந்தாலும் முதலில் வீட்டு ஓனரிடம் போட்டோவோடு சொல்லிடுங்க.

முதல் வேலை: கரண்ட்டை நிறுத்துவது

கம்பெனியில் மெஷினைத் திறக்கும் முன் 'லாக் அவுட்' செய்து டேக் மாட்டுவாங்க இல்லையா? வீட்டிலும் அதே ரூல்தான்.

* சுவிட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. மெயினை ஆஃப் செய்து, 'போடாதீங்க' என்று பேப்பர் ஒட்டுங்க.
* இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் ஆஃப் செய்யணும். மெயின் ஆஃபில் இருந்தாலும் அதிலிருந்து கரண்ட் வரும்.
* மெயினை நிறுத்தும் முன், கரண்ட் உள்ள இடத்தில் வைத்து டெஸ்டர் எரியுதா என்று பாருங்க. நிறுத்தின பிறகு சாக்கெட்டின் மூன்று முனையிலும் வையுங்க. எதிலும் எரியக் கூடாது.

எந்த வயர் எங்கே?

கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. சாக்கெட்டை முன்னாலிருந்து பார்த்தால் மேலே பெரிய துளை எர்த், வலது பக்கம் பேஸ், இடது பக்கம் நியூட்ரல். வழக்கமாக பச்சை எர்த், கறுப்பு நியூட்ரல், சிவப்பு அல்லது மஞ்சள் அல்லது நீலம் பேஸ். பழைய வீடுகளில் கலர் மாறியிருக்கும், அதனால் கலரை மட்டும் நம்பாதீங்க. பேஸ் வயர் சுவிட்ச் வழியாகத்தான் வரணும்.

கருகின முனையை வெட்டி, பளபளப்பான செம்பு தெரியும் வரை சீவுங்க. இழைகளை முறுக்கிச் செருகி ஸ்குரூவை இறுக்கி, ஒருமுறை இழுத்துப் பாருங்க.

இரண்டு பச்சை வயர் வந்தால்?

பலரும் தடுமாறும் இடம் இதுதான். ஒரு பச்சை வயர் எர்த் குழியிலிருந்து வருது, இன்னொன்று அடுத்த சாக்கெட்டுக்குப் போகுது. ஒன்றை விட்டுவிட்டால் உங்க சாக்கெட் வேலை செய்யும், ஆனால் அடுத்த சாக்கெட்டுகளுக்கு எர்த் போயிடும். யாருக்கும் தெரியவும் தெரியாது. எனவே இரண்டையும் எர்த் முனையில் சேர்த்து இறுக்கணும். இடம் போதவில்லையா? எல்லாவற்றையும் ஒரு கனெக்டரில் சேர்த்து, அதிலிருந்து ஒரு துண்டு வயரை எர்த் முனைக்குக் கொடுங்க. இரும்பு பெட்டி என்றால் அதற்கும் எர்த் வேணும்.

எர்த் வயரே வரலையா? நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு எடுத்து எர்த்தில் சொருகுவது உயிருக்கு ஆபத்து. எங்காவது நியூட்ரல் அறுந்தால் அயர்ன் பாக்ஸ், வாஷிங் மெஷின் உடம்பிலேயே 230 வோல்ட் நிற்கும். எர்த் லைன் போடச் சொல்லி ஓனரிடம் கேளுங்க.

எம்சிபி காப்பாத்தாதா?

எப்போதும் காப்பாத்தாது. எர்த் குழி காய்ந்து அதன் மின்தடை 20 ஓம் ஆகிவிட்டால், பழுதின்போது 11.5 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபி அசையாது. ஆனால் ஆளைக் கொல்ல அதில் சின்னப் பங்கு போதும். அதனால்தான் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் ஆர்சிசிபி தேவை. அதில் உள்ள டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பாருங்க. விழவில்லை என்றால் மாற்றணும்.

எப்போ கையை எடுத்துடணும்?

சுவர் ஈரமாக இருந்தால், வயர் உள்ளே வரை கருகியிருந்தால், அலுமினிய வயர் இருந்தால், மாற்றின பிறகும் சூடு ஏறினால் உடனே நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. மீட்டர் வரை வரும் லைனில் பிரச்னை என்றால் மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987. யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீங்க. முதலில் மெயினை நிறுத்திவிட்டு 108-க்கு போன் செய்யுங்க.

எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் ஒரு சிப் கெடக் கூடாது என்று மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டி வேலை செய்றாங்க. அறைக்கு வந்ததும் பச்சை வயர் தேவையில்லை என்று விட்டுடாதீங்க!